மேகாலயா: மழை சுத்தம், ஓடை ஆரஞ்சு

ஏப்ரல் 3, வியாழன் – குவாஹாட்டி, ஷில்லாங்

ஏப்ரல்ல யாரு மேகாலயா போவா, மழை ஜூன்ல தானனு வீட்ல எல்லாரும் கேட்டாங்க. ஜூன்ல போனா ரோடு இருக்காதுனு சொல்லி சமாளிச்சேன். நிஜக் காரணம் என் மச்சான் தான். அவனுக்கு மீன் தொட்டி பைத்தியம், ஹால்ல மூணு தொட்டி, பெட்ரூம்ல ஒண்ணு. ஜெயின்டியா மலைப்பக்கம் ஒரு ஆறு குளிர்காலத்துல நீலமா மாறிடும், நிலக்கரிச் சுரங்கத்துல இருந்து வர்ற அமிலத்தண்ணி தான் காரணம்னு எங்கயோ படிச்சுட்டு, முதல் மழை விழுற சமயத்துல போய் பாத்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னான். பையில துணியை விட பிஹெச் ஸ்டிரிப் டப்பா தான் ஜாஸ்தி. தண்ணி எவ்வளவு புளிப்புனு கலர் மாறி காட்டுற பேப்பர் அது, 7 வந்தா நடுநிலை, அதுக்குக் கீழ இறங்க இறங்க அமிலம் ஜாஸ்தி. ஏர்போர்ட்ல செக்யூரிட்டி அம்மா இது என்னனு கேட்டதுக்கு "ஃபிஷ் டெஸ்ட்"னான், அவங்க மீன் எங்கனு கேட்டாங்க.

குவாஹாட்டில இருந்து ஷேர் டாக்ஸி, சீட்டுக்கு 500 ரூபா. நோங்போல நிறுத்தி அன்னாசிப்பழம் வெட்டி மிளகாய்ப்பொடி உப்பு போட்டு குடுத்தாங்க, 40 ரூபா, நம்ம ஊர்ல கிடைக்கிற அன்னாசி எல்லாம் என்னனு அப்பறம் நினைச்சுக்கிட்டேன். உமியம் ஏரி கிட்ட வரும்போதே வானம் கருத்துருச்சு. ஷில்லாங் போய்ச் சேர்ந்து ரூம்ல பையை வச்ச அடுத்த நிமிஷம் ஆலங்கட்டி மழை, தகரக் கூரைல விழுற சத்தத்துல பக்கத்துல இருக்கறவன் பேசறது கேக்கல. ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு நிமிர்ந்து கூட பாக்கல, இது இங்க சாதாரணமாம்.

மழை கொஞ்சம் விட்டதும் மச்சான் மொட்டைமாடில ஒரு பக்கெட் வச்சுட்டு வந்தான். நேரா வானத்துல இருந்து விழுற தண்ணி, கூரை படாதது. அதுல ஸ்டிரிப்ப முக்கினா கலரே மாற மாட்டேங்குது, ரொம்ப நேரம் பிடிச்சுக்கிட்டே நிக்கணும். மழைத்தண்ணில உப்பே கிடையாதுல்ல, அதனால தான் லேட்டாகுதுனு விளக்கம் சொன்னான். கடைசில அஞ்சரைக்கும் ஆறுக்கும் நடுவுல ஒரு கலர். சுத்தமான மழையே லேசா புளிப்பு தான், காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு பிஹெச் 5.6 கிட்ட வந்து நிக்கும். நோட்டுல "மழை 5.6, பாஸ்"னு எழுதிக்கிட்டான். இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

ராத்திரி போலீஸ் பஜார்ல ஜாடோ. பன்னிக்கறி போட்டு வேகவச்ச சோறு, மஞ்சள் நிறத்துல, கூட கறுப்பு எள்ளு அரைச்சு வச்ச பன்னிக்கறி, தோஹ்நெய்யோங்னு பேரு. ரெண்டு பேருக்கும் சேத்து 260 ரூபா. கடைய நடத்துறது ஒரு அக்கா. இங்க பொம்பளைங்கள மரியாதையா "கோங்"னு கூப்பிடணும், ஆம்பளைங்கள "பா". கோங் ரெண்டாவது தடவை சோறு போட்டதுக்கு காசு வாங்கல.

ஏப்ரல் 4, வெள்ளி – சோரா

நாம சிரபுஞ்சினு படிச்ச ஊரு தான் சோரா. 1860 ஆகஸ்ட்ல இருந்து 1861 ஜூலை வரைக்கும் ஒரே பன்னெண்டு மாசத்துல 26,461 மில்லிமீட்டர் பெஞ்ச ஊரு, இன்னிக்கும் அந்த ரெக்கார்டு உடையல. சாதாரண வருஷத்துலயே 11,000 மில்லிமீட்டருக்கு மேல. சென்னைக்கு 1,400 கிட்ட தான் வரும். அப்படிப்பட்ட ஊருக்குள்ள நுழையும்போது முதல்ல கண்ணுல பட்டது என்ன தெரியுமா, தண்ணி டேங்கர். அதுக்குப் பின்னாடி ஒரு ஊத்து கிட்ட வரிசையா பிளாஸ்டிக் குடம், ரெண்டு சின்னப் பசங்க முதுகுல கூடை கட்டி அதுல கேன் தூக்கிட்டுப் போறாங்க. டிரைவர் பா சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, இங்க மழை முழுக்க நாலஞ்சு மாசத்துல கொட்டிட்டு அப்படியே சரிவுல ஓடி பங்களாதேஷ் போயிடும், நமக்கு நவம்பர்ல இருந்து வறட்சினு. மண்ணு மெல்லிசு, கீழ பாறை, மரம் வெட்டுன மேடு, தண்ணி நிக்க இடமே இல்ல.

அதனால தான் இங்க ஒரு ஓடை கெட்டுப்போனா அது சின்ன விஷயம் இல்ல. மழை எவ்வளவு பெஞ்சாலும் வருஷத்துல பாதி நாள் குடிக்கிறதுக்கு இருக்கறது அந்த ஊத்தும் ஓடையும் தான்.

வர்ற வழில லைத்ரிங்கியூ பக்கம் ரோட்டோரமே பழைய நிலக்கரிக் குழிங்க. புல்லு மூடிக் கிடக்கு, அதுக்குக் கீழ மட்டும் ஒரு சின்ன ஓடை, ஓரத்துக் கல்லெல்லாம் துருப்பிடிச்ச ஆரஞ்சு. வண்டிய நிறுத்தச் சொன்னேன், டிரைவர் நாளன்னிக்கு இதை விட பெருசா பாப்பீங்கனு சொல்லி நிறுத்தல.

மத்தியானம் மவ்ம்லு குகை. கைடு இல்லாம விட மாட்டாங்க, ஹெல்மெட் குடுத்து முழங்கால் அளவு தண்ணில நடக்க வச்சாரு, சில இடத்துல தவழ்ந்து போகணும், எனக்கு வயித்த உள்ள இழுத்தும் ஒரு இடத்துல மாட்டிக்கிச்சு. இந்தக் குகைல வளர்ந்த ஒரு சுண்ணாம்புக் கல்தூண வச்சுத் தான் 4,200 வருஷத்துக்கு முன்னாடி இருந்து இன்னிக்கு வரைக்கும் உள்ள காலத்துக்கு மேகாலயன் யுகம்னு 2018ல பேரு வச்சாங்க. மேல பெய்யுற மழை சொட்டுச் சொட்டா உள்ள இறங்கித் தான் அந்தத் தூண் வளருது, அந்தந்த காலத்து மழை எப்படி இருந்துச்சுங்கறது அதுல பதிவாயிருக்கு. எனக்கு இந்தப் பயணத்துலயே ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. ஆனா கைடு, உள்ள ஓடுற தண்ணிய வாயில வச்சுடாதீங்க, மேல நிலக்கரி தோண்டுன இடம் இருக்குனு சொல்லிக்கிட்டே வந்தாரு. மச்சானோட ஸ்டிரிப் டப்பா வண்டில மாட்டிக்கிச்சு, அவன் முகத்தைப் பாக்கணுமே.

ஏப்ரல் 5, சனி – ஜோவாய்

ஷில்லாங்ல இருந்து ஜோவாய் 65 கிலோமீட்டர் தான். வழில தத்லாஸ்கெய்ன் ஏரில நிறுத்துனோம். அந்தக் காலத்துல ஒரு தளபதி ஊரை விட்டுப் போறப்ப அவரோட ஆளுங்க வில்லோட நுனியாலயே தோண்டுன ஏரினு கதை சொல்றாங்க. தண்ணி 7 காட்டுச்சு, ஓரத்துல மீன் குஞ்சுங்க. மச்சானுக்கு சந்தோஷம், அரை மணி நேரம் குனிஞ்சே உக்காந்திருந்தான்.

ஏரிக்கரைக் கடைல க்வாய் குடுத்தாங்க. பச்சைப் பாக்கு, வெத்தலை, சுண்ணாம்பு. யாரு வீட்டுக்குப் போனாலும், யாருகிட்ட வழி கேட்டாலும் முதல்ல க்வாய் தான் நீட்டுவாங்க, வேணாம்னு சொன்னா மனசு சங்கடப்படுவாங்களாம். நான் ஓரமா கடிச்சு துப்பிட்டேன். மச்சான் மரியாதைனு முழுசா மென்னான். ரெண்டு நிமிஷத்துல காது செவந்து, நெத்தில வேர்த்து, குளிர்ல ஸ்வெட்டரைக் கழட்டிட்டு "மாமா தலை சுத்துது"னு தரையில உக்காந்துட்டான். கடைக்கார கோங் வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க, அப்பறம் சர்க்கரை போட்டு பால் இல்லாத டீ குடுத்து "முதல் தடவை எல்லாருக்கும் இப்படித் தான்"னு இந்தில சொன்னாங்க. டீ 10 ரூபா, க்வாய்க்கு காசு இல்ல.

ஜோவாய் ஊரை மிந்து ஆறு மூணு பக்கமும் சுத்திட்டு ஓடுது. கெஸ்ட் ஹவுஸ் ஒரு நாளைக்கு 1,200 ரூபா, வெந்நீர் பக்கெட் கணக்கு. சாயங்காலம் சந்தைல மீன் விக்கறாங்க, பெருசு பெருசா ரோகு, கட்லா. எந்த ஆத்து மீனுனு ஆசையா கேட்டேன். "ஆந்திரா"ங்கறாங்க. தெர்மாகோல் பெட்டில ஐஸ் போட்டு ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல வந்திருக்கு. ஆறு மூணு பக்கமும் ஓடுற ஊர்ல.

ஏப்ரல் 6, ஞாயிறு – ஜோவாய், சும்மா

ஞாயித்துக்கிழமைனா இங்க ஊரே சாத்திடும்னு யாரும் சொல்லல. ஹோட்டல் இல்ல, டாக்ஸி இல்ல, பெட்டிக்கடை கூட இல்ல. காலைல எட்டு மணிக்கு எல்லாரும் கோட்டு சூட்டு, பொம்பளைங்கனா ஜெயின்சம்னு இந்த ஊரு உடுப்பு போத்திக்கிட்டு சர்ச்சுக்குப் போறாங்க, நாங்க ரெண்டு பேரும் பிஸ்கட் பாக்கெட்டோட ரோட்டுல. கெஸ்ட் ஹவுஸ் அம்மா பரிதாபப்பட்டு சோறு, பருப்பு, முட்டை, துங்தாப்னு கருவாட்டுத் துவையல் எல்லாம் குடுத்தாங்க. துங்தாப் அருமை, நம்ம ஊர் கருவாட்டுத் துவையலுக்கு சொந்தக்காரன் தான்.

பதினோரு மணிக்கு மழை. அந்த அம்மாவோட அண்ணன், ரிட்டயர்டு வாத்தியார், சர்ச்சுல இருந்து வந்து எங்க கூட வராண்டால உக்காந்தாரு. கூரைல இருந்து பைப் கீழ வந்து ஒரு பெரிய டிரம்முல விழுற மாதிரி செட்டப். மழை ஆரம்பிச்சதும் அவரு எந்திரிச்சுப் போய் பைப்ப டிரம்முல இருந்து எடுத்து வெளிய விட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு தான் திரும்பி மாட்டுனாரு. நம்ம ஊர்ல 2003ல மழைநீர் சேகரிப்புக் கட்டாயம்னு வந்தப்ப எல்லா வீட்லயும் பைப் மாட்டுனோம், எத்தனை பேரு முதல் மழைய வெளிய விடறோம்? கூரைல ரெண்டு மாசமா படிஞ்ச தூசி, பறவை எச்சம், இங்கனா நிலக்கரித் தூள், எல்லாம் முதல் பத்து நிமிஷத்துல தான் கழுவிட்டு வரும். அவரு வெளிய விட்ட தண்ணிய மச்சான் ஒரு கப்புல பிடிச்சான். கருப்பு. நிக்க வச்சா அடில ஒரு படிவு, விரல்ல தேச்சா மை மாதிரி ஒட்டுது. இந்த வீடு மெயின் ரோட்டுக்கு பக்கம், நிலக்கரி லாரி போற ரோடு.

வாத்தியார் சொன்ன கதை கேக்க நல்லாருந்துச்சு, கேட்டதுக்கு அப்பறம் நல்லால்ல. சின்ன வயசுல பள்ளிக்கூடம் விட்டதும் ஓடைல கையாலயே மீன் பிடிப்பாங்களாம். அப்பறம் தோண்ட ஆரம்பிச்சாங்க. இங்க நிலம் அரசாங்கத்துது இல்ல, அவங்கவங்க சொந்தம், இல்ல குலத்துச் சொத்து. நிலக்கரி அடுக்கும் மெல்லிசு, ஆளு படுத்துக்கிட்டு தவழ்ந்து வெட்டுற அளவு தான். அதனால பெரிய கம்பெனி வரல, அவங்கவங்க நிலத்துல ஆளுக்கு ஒரு கிணறு மாதிரி இறக்கி, அடில இருந்து பக்கவாட்டுல பொந்து போட்டுப் போனாங்க. எலிப்பொந்து சுரங்கம்னு இதுக்குத் தான் பேரு. 2014 ஏப்ரல் 17ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டுச்சு. "தடை வந்துச்சு, தண்ணி திரும்பி வரலையே"னாரு.

அது ஏன் திரும்பி வரலங்கறது தான் விஷயம், மச்சான் அப்ப தான் எனக்கு பொறுமையா விளக்குனான். இங்க உள்ள நிலக்கரில கந்தகம் ரொம்ப ஜாஸ்தி, பைரைட்னு இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமா கலந்திருக்கு. பூமிக்குள்ள மூடிக் கிடக்கற வரைக்கும் அதுபாட்டுக்கு இருக்கும். தோண்டி காத்து பட்டு, மழையும் பட்டா கந்தக அமிலம் ஆகும், இரும்பு கரைஞ்சு வெளிய வரும். இரும்பைத் தின்னு வாழற ஒரு பாக்டீரியா வேற உண்டு, அது வந்து சேந்துட்டா இந்த வேலை பல மடங்கு வேகமாயிடும். அந்த அமிலம் போற வழில உள்ள பாறைல இருந்து அலுமினியம், மாங்கனீஸ்னு என்ன இருக்கோ எல்லாத்தையும் இழுத்துக்கும், புளி போட்டு தேச்சா பித்தளைச் சொம்புல இருந்து பச்சையா இறங்குமே, அந்தக் கதை தான். இதுக்கு சுரங்கம் ஓடணும்னு அவசியம் இல்ல. ஆளு போனதுக்கப்பறமும் குழி திறந்து கிடக்கு, வெளிய கொட்டுன கழிவுக் குவியல் கிடக்கு, ஒவ்வொரு மழையும் வந்து அதைக் கழுவிட்டுப் போகுது. ஸ்பெயின்ல ரியோ டின்டோனு ஒரு ஆறு, அங்க ஆயிரக்கணக்கான வருஷமா சுரங்கம், இன்னும் அந்தத் தண்ணி சிவப்பா, பிஹெச் 2 கிட்ட தான் ஓடுது.

அப்ப முதல் மழைக்கு ஏன் வந்தோம்னு கேட்டேன். வெயில் காலத்துல அந்த அமிலம் உப்பா பாறை மேல காஞ்சு படிஞ்சிருக்குமாம், முதல் ரெண்டு மூணு மழைல தான் மொத்தமா கரைஞ்சு இறங்கும். ஜூலைல வெள்ளமா ஓடறப்ப நீர்த்துப்போய் அவ்வளவு தெரியாது. மீன் சாகறது பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்துல தானாம். இவ்வளவு யோசிச்சு தான் கூட்டிட்டு வந்திருக்கான், நான் சும்மா சுத்திப் பாக்கனு நினைச்சுட்டேன்.

ஏப்ரல் 7, திங்கள் – லாட்ரிம்பாய், க்லீரியாட்

வாத்தியார் ஏற்பாடு பண்ணுன வண்டி, நாள் வாடகை 3,500. லாட்ரிம்பாய் தாண்டுனதும் ரோட்டோட ரெண்டு பக்கமும் கலர் மாறிடுச்சு. கருப்புக் குவியல், கருப்புச் சேறு, மரத்து இலை கூட கருப்பு. நேத்து பெஞ்ச மழை குவியல்ல இருந்து கருப்பா வழிஞ்சு ரோட்டைக் கடந்து அந்தப்பக்கம் வயலுக்கு இறங்குது. டிரைவர் சின்னப் பையன், அவன் மாமா ஒருத்தரு குழில வேலை பாத்தவராம். தடைக்கு அப்பறமும் திருட்டுத்தனமா தோண்டிட்டு தான் இருந்தாங்க, 2018 டிசம்பர் 13 க்ஸான் குழில லைதெய்ன் ஆத்துத் தண்ணி உள்ள பூந்து 15 பேரு மாட்டுனப்ப தான் வெளிய இருக்கறவங்களுக்கே தெரிஞ்சுச்சுனு சொன்னான். நேவில இருந்து முக்குளிக்க ஆளு வந்தும் காப்பாத்த முடியல. இப்ப லைசன்ஸ் குடுத்து முறைப்படி தோண்ட விடறாங்களாம், அவனுக்கு அதுல நம்பிக்கையும் இல்ல, கோவமும் இல்ல. "வேற வேலை என்ன இருக்கு அங்கிள்"னான். பதில் சொல்லத் தெரியல எனக்கு.

க்லீரியாட் பக்கம் மெயின் ரோட்டுல இருந்து இறங்கி முதல் ஓடை. ஆரஞ்சு. கல்லு, மணல், கரைல கிடந்த பிளாஸ்டிக் பாட்டில் வரைக்கும் ஆரஞ்சு. தண்ணி கொஞ்சம் நல்லா ஆகி அமிலம் குறையற இடத்துல தான் கரைஞ்ச இரும்பு இப்படி படிவா விழும்னு மச்சான் சொன்னான். ஸ்டிரிப் 4 காட்டுச்சு. மழைத்தண்ணி மாதிரி காக்க வைக்கல, முக்குன உடனே கலர் அடிச்சுது.

அங்க இருந்து ஒரு கிலோமீட்டர் மேல நடந்தோம், சேத்துல என் ஷூ ஒண்ணு மாட்டி அதை எடுக்கப் போயி நான் ஒக்காந்துட்டேன், பேன்ட் முழுக்க கருப்பு. மேல போனா இன்னொரு ஓடை. அவ்வளவு தெளிவா ஒரு தண்ணிய நான் பாத்ததே இல்ல. மூணடி ஆழத்துல கூழாங்கல்லு ஒவ்வொண்ணும் எண்ணலாம், லேசா பச்சை கலந்த கண்ணாடி. குனிஞ்சு முகம் கழுவப் போனேன், டிரைவர் பையன் கைய பிடிச்சு இழுத்துட்டான். ஸ்டிரிப் 3. பாசி இல்ல, பூச்சி இல்ல, தவளை சத்தம் இல்ல, அதனால தான் அவ்வளவு தெளிவு. தண்ணில உள்ள அலுமினியம் கலங்கலையும் சேத்து அடில படிய வச்சுடுமாம். அழுக்கா தெரியுற ஓடைய விட அழகா தெரியுற ஓடை தான் இங்க மோசம்.

இப்ப அந்த 5.6 வரணும். பிஹெச்ல ஒண்ணு குறைஞ்சா அமிலம் பத்து மடங்கு. 5.6ல வானத்துல இருந்து விழுந்த மழை ரெண்டு மூணு கிலோமீட்டர் இறங்கி வர்றதுக்குள்ள 3 ஆயிடுச்சுனா கிட்டத்தட்ட 400 மடங்கு. குடிதண்ணிக்கு நம்ம நாட்டுத் தரம் 6.5ல இருந்து 8.5. மச்சான் கணக்கு போட்டு சொன்னப்ப நான் இன்னும் முகம் கழுவாம கருப்பா நின்னுக்கிட்டிருந்தேன்.

கீழ ஒரு நெல் வயல், வரப்புல உக்காந்திருந்த பெரியவரு எங்களைப் பாத்து க்வாய் நீட்டுனாரு (மச்சான் ரெண்டடி பின்னாடி போயிட்டான்). முன்னாடி இதே வயல்ல வீட்டுக்கு வருஷம் பூரா நெல்லு வந்துச்சாம், இப்ப இந்தத் தண்ணி பாய்ஞ்சா பயிரு மஞ்சளடிச்சு நின்னுடுதுனு டிரைவர் மொழிபெயர்த்தான். மழைய மட்டும் நம்பி ஒரு பக்கத்து வயலை வச்சிருக்காரு, ஓடைத்தண்ணி உள்ள வராம மண்ணு அணை. மழை பேய் மாதிரி பெய்யுற நாட்டுல ஒரு விவசாயி ஓடைய உள்ள விடாம தடுத்துக்கிட்டு உக்காந்திருக்காரு.

அசாம் எல்லைல கோபிலினு ஒரு நீர்மின் நிலையம், மேல இருந்து வர்ற அமிலத்தண்ணில பைப்பு, டர்பைன் எல்லாம் அரிச்சுப்போயிருச்சு. இரும்புக்கே அந்தக் கதினா நெல்லுக்கு என்ன சொல்றது. ராத்திரி க்லீரியாட்ல சாப்பாடு 120 ரூபா, ரூம்ல குழாயத் திறந்தா முதல்ல பழுப்பா வந்து அப்பறம் தெளியுது. மினரல் வாட்டர் கேன் வாங்கி அதுல தான் பல்லு தேச்சோம்.

ஏப்ரல் 8, செவ்வாய் – லும்ஷ்னோங், சோனாப்பூர், சில்சார்

இன்னிக்குத் தான் எல்லாம் குளறுபடி. சில்சார்ல சாயங்கால ஃபிளைட், காலைல ஆறுக்கே கிளம்பிட்டோம்.

லும்ஷ்னோங் பக்கம் கருப்பு போய் வெள்ளை வந்துருச்சு. சுண்ணாம்புக்கல் மலை, வரிசையா சிமென்ட் ஆலைங்க, மரம் வீடு நாய் எல்லாத்து மேலயும் சாம்பல் தூசி. டீக்கடைல நிறுத்துனப்ப லேசா தூறல், கூரைல இருந்து சொட்டுறத மச்சான் கப்புல பிடிச்சான். என்ன வரும்னு பந்தயம் கட்டுனோம், நிலக்கரி எரிக்கிற இடம், கந்தகப் புகை மழைல கலந்தா அமில மழை, நான் 5னு சொன்னேன். ஸ்டிரிப் 8 காட்டுச்சு. சுண்ணாம்புத் தூசி அமிலத்தை முறிச்சுடுது. பேப்பர் மேல பாத்தா குடிதண்ணித் தரத்துக்குள்ள வர்ற நம்பர், ஆனா கப்புல அடில சாம்பல் படிவு. நம்பர் நல்லாருந்தா தண்ணி நல்லாருக்குனு அர்த்தம் இல்லங்கறதுக்கு இதை விட என்ன வேணும், 50 ரூபா பந்தயம் போச்சு அது வேற.

அந்தக் கடை கோங் வீட்ல இந்தத் தண்ணிய எதுக்கும் தொட மாட்டாங்களாம், பாத்திரம் கழுவ மட்டும். குடிக்க மலைக்கு அந்தப்பக்கம் ஊத்துல இருந்து பைப் போட்டு வர்ற தண்ணி, அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். புடாரோனு அரிசிமாவுல சுட்ட வெள்ளை அப்பம் ரெண்டு சாப்பிட்டேன், 20 ரூபா, ஆப்பத்தோட நடுப்பகுதி மட்டும் தனியா குடுத்தா எப்படி இருக்குமோ அது.

சோனாப்பூர். பாலத்துக்குக் கீழ லூக்கா ஆறு. இதுக்குத் தான் மச்சான் இவ்வளவு தூரம் வந்தது. பாலத்துல இறங்கி எட்டிப் பாத்தா... சேறு. காவி நிறத்துல சுழிச்சுட்டு ஓடுது, ஓரத்துல தேங்குன ஒரு இடத்துல மட்டும் ஒரு மாதிரி பால் கலந்த நீலம், அதுவும் ஒரு வேன் நீளம் தான். ராத்திரி மேல நல்ல மழை போல. டிசம்பர், ஜனவரில மழை நின்னு ஆறு மெல்லிசா ஓடறப்ப தான் முழு ஆறும் நீலமா மாறுமாம். சுரங்கப்பக்கம் இருந்து லூனார் ஆறு வழியா வர்ற அமிலத்தண்ணி சுண்ணாம்புப் பாறைத் தண்ணியோட சேரறப்ப கரைஞ்சிருந்ததெல்லாம் பொடிப்பொடியா பிரிஞ்சு மிதக்கும், அதுல வெளிச்சம் பட்டு நீலமா தெரியும்னு விளக்கம் சொல்றாங்க. 2007 வாக்குல இருந்து தான் இது பேச்சாச்சு. அந்த மாசங்கள்ல மீன் மிதக்கும், டூரிஸ்ட் வந்து செல்ஃபி எடுப்பாங்கனு அங்க மணல் அள்ளிட்டு இருந்தவரு சொன்னாரு. இதே ஆறு கீழ பங்களாதேஷ் இறங்கி சுர்மாவுல சேருது. அந்த ஊர்க்காரங்க ஒரு குழி கூட தோண்டல.

மச்சான் பாலத்துல இருந்து கயிறு கட்டி பாட்டில் இறக்கி தண்ணி எடுத்தான், 6 கிட்ட. பின்னாடி லாரிக்காரங்க ஹார்ன் அடிச்சு திட்டுனாங்க, இந்த மொழி புரியாதது நல்லதாப் போச்சு.

அதுக்கப்பறம் மண்சரிவு. சோனாப்பூர்ல மலை ரோட்டு மேல சரிஞ்சு விழுதுனு தான் அங்க ஒரு டன்னலே கட்டிருக்காங்க, இன்னிக்கு அதுக்கு முன்னாடியே சரிஞ்சிருக்கு. லாரி வரிசை கண்ணுக்கு எட்டுன வரைக்கும். எங்களுக்கு முன்னாடி நின்ன லாரி டிரைவர், பீகார்க்காரரு, ஸ்டவ்வ இறக்கி ரோட்டுலயே சமைக்க ஆரம்பிச்சுட்டாரு, எங்களுக்கும் ரொட்டியும் உருளைக்கிழங்கும் குடுத்தாரு, காசு குடுத்தா கோவப்பட்டாரு. அஞ்சு மணி நேரம். அந்த நேரத்துல ஃபிளைட் எங்க தலைக்கு மேல போயிருக்கும்.

ஏப்ரல் 9, புதன் – சில்சார்

நேத்து நடு ராத்திரி வந்து கிடைச்ச லாட்ஜ்ல படுத்தோம், 900 ரூபா, கொசு இலவசம். புது டிக்கெட் கல்கத்தா வழியா ஆளுக்கு 8,000 தாண்டிருச்சு. காலைல கடுகு அரைச்ச மீன் குழம்பு, இது எந்த ஊரு மீனுனு நான் கேக்கல.

ஏர்போர்ட்ல உக்காந்து மச்சான் கிட்ட கேட்டேன், இதுக்கு வழியே இல்லையா, சுண்ணாம்புக்கல் அங்கயே மலை மலையா இருக்கே, ஓடைல கொட்ட வேண்டியது தானனு. செய்யலாம், செய்யறாங்க, ஓடைல சுண்ணாம்புக்கல் பரப்பி விடற முறை உண்டு. ஆனா கொஞ்ச நாள்ல அந்தக் கல்லு மேலயே ஆரஞ்சு இரும்பு படிஞ்சு மூடிக்கும், அப்பறம் அமிலம் கல்லைத் தொடாது, மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருக்கணும். அதுக்கு மேல கோரைப்புல் வளர்த்து சதுப்பு மாதிரி பண்ணி தண்ணிய மெதுவா விடறது ஒண்ணு. எல்லாத்துக்கும் முன்னாடி திறந்து கிடக்கற குழிய மூடணும், குவியலை மண்ணு போட்டு மழை படாம மூடணும். ஆயிரக்கணக்குல குழி, ஒவ்வொண்ணும் ஒருத்தர் நிலம், வெட்டுனவன் காசு எடுத்துட்டுப் போய் பத்து வருஷம் ஆச்சு. யாரு மூடுவா? 2019ல மாநிலத்துக்கு 100 கோடி ரூபா அபராதம் போட்டாங்க தீர்ப்பாயத்துல. அந்த வரப்புல உக்காந்திருந்த பெரியவருக்கு அதைப் பத்தி ஏதாவது தெரிஞ்சிருக்குமானு யோசிச்சேன், கேக்காம வந்துட்டோம்.

போறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு. ஞாயித்துக்கிழமைக்கு சாப்பாடு முன்னாடியே வாங்கி வச்சுக்கங்க. சோனாப்பூர் வழியா போறதா இருந்தா அதே நாள் ஃபிளைட் போடாதீங்க. க்வாய் சின்னத் துண்டா கேளுங்க. எவ்வளவு தெளிவா இருந்தாலும் நிலக்கரிப் பக்கத்து ஓடைல முகம் கழுவாதீங்க, டிரைவர் கையப் பிடிச்சா கேட்டுக்கங்க.

மச்சான் ஜனவரில மறுபடி வரணும்ங்கறான், முழு நீலம் பாக்கணுமாம். டிக்கெட் காசு அவனோடதுனா வர்றேன்னு சொல்லிருக்கேன்.